பத்துக்கு எவ்வளவு

அரிசி மாவுதான். அதுவும் அவளே வறுத்து, அவளே சலித்து, டப்பாவில் மூடி வைத்த இடியாப்ப மாவு. நாக்கு சொன்ன பிறகு இனி யாரைப் போய் விசாரிப்பது என்று கலாமணி நினைத்துக்கொண்டிருக்கும்போதே தலைக்குப் பின்னால் கழுத்தை இழுக்கிற மெஷினின் மோட்டார் உறுமியது. தாடைக்கு அடியிலும் பிடரியிலும் மாட்டியிருந்த பெல்ட் இறுகி, தலையை உடம்பிலிருந்து மெதுவாகப் பிரித்தெடுக்கப் பார்த்தது. பிரித்துக்கொண்டு போகட்டும். தலையை இங்கேயே வைத்துக்கொள்ளட்டும், உடம்பு மட்டும் வீட்டுக்குப் போய்ச் சோறாக்கட்டும், அந்த வீட்டுக்கு அது போதும். "பல்லைக் கடிக்காதீங்க அக்கா, தாடையை லூசா விடுங்க," என்றாள் பிசியோதெரபி செய்கிற பெனிட்டா. "ஏதாச்சும் சங்கடமா இருந்தா இந்த ஸ்விட்சை அமுக்குங்க, நின்னுடும்," என்று ஒரு பொத்தானை அவள் கையில் திணித்துவிட்டுத் திரையை இழுத்து மூடிக்கொண்டு போனாள். பல்லைக் கடிக்காமல் எப்படி இருப்பது? பல்லைக் கடித்துத்தானே இத்தனை வருஷப் பிழைப்பும் ஓடியது. ஈரோட்டில் பாதிப் பெண்களின் புருவம் அவள் பார்லரில், அவள் பல்லில் கடித்த நூலால் வளைந்ததுதான். இன்று காலையில் அப்படிப் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. இட்லி தின்று, கை கழுவி, ஈரக் கையோடு மாத்திரை டப்பாவைத் திறந்து ஒன்றை வாயில் போட்டாள். சொம்பை எடுப்பதற்குள் வாசலில் பால்காரர் கூப்பிட்டார், பதில் சொல்லத் திரும்பினாள், அதற்குள் அந்தக் குப்பி மாத்திரை, கேப்ஸ்யூல்தான், நாக்கின் மேலேயே இளகி இரண்டாகக் கழன்றுகொண்டது. இந்த மாத்திரை ஆரம்பித்த புதிதில் ஒரு தடவை இப்படி ஆகி, உள்ளே இருந்த தூள் எட்டிக்காய்க் கசப்பாகத் தொண்டை வரை இறங்கி, குமட்டித் துப்பியிருக்கிறாள். அதே கசப்பு வரப்போகிறது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. மாவு வந்தது. பல்லில் லேசாக நறநறத்து, வறுத்த வாசனையோடு, சாதுவாக. இன்னொன்றைப் பிரித்தாள். அதிலும் மாவு. அதற்கடுத்ததிலும். அதற்குமேல் பிரிக்கக் கை வரவில்லை. குளித்துவிட்டு வந்து திருநீறு பூசிக்கொண்டே அவர் கேட்டார், "மாத்திரை போட்டியா அம்மிணி?" அவள் சொன்னாள், "போட்டனுங்க." பிறகு வண்டியில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தாள். வேகத்தடை வரும் முன்பே "வருது, புடிச்சுக்கோ" என்று எப்போதும்போல எச்சரித்துக்கொண்டுதான் ஓட்டினார். அந்தத் தோளிலிருந்து கையை எடுக்கவும் அவளால் முடியவில்லை, எடுத்தால் விழுந்துவிடுவாள்.

அவர் என்றால் சென்னியப்பன், அவளைக் கட்டிக்கொண்டவர், கடைவீதியில் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவர். இப்போதெல்லாம் யாரும் சூரணத்தைத் தேனில் குழைத்து நக்குவதில்லை, நாக்கில் படாமல் விழுங்க வேண்டும் என்கிறார்கள். அதனால் காலிக் குப்பிகளை மொத்தமாக வாங்கி வந்து, அமுக்கராவையும் கடுக்காயையும் பொடித்து அடைத்துக் கொடுக்கிறார். பலகையில் குழி குழியாக இருக்கும், குழிக்கொரு குப்பி நிற்கும், மேலே தூளைக் கொட்டி அட்டையால் வழித்துவிட்டால் எல்லாம் நிரம்பிவிடும், மூடியை வைத்து ஓர் அழுத்து. சாயங்காலம் டிவி பார்த்துக்கொண்டே செய்வார், கண் திரையில் இருக்கும், விரல் பாட்டுக்கு வேலை செய்யும். அவளும் கூட உட்கார்ந்து மூடி போட்டிருக்கிறாள், கட்டை விரல் ஒத்துழைத்தவரைக்கும். ஒத்துழைக்காமல் போன பிறகு அவர்தான் சொன்னார், அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்க உனக்கு விரல் வலிக்கும், நானே பிதுக்கி டப்பாவில் போட்டு வைக்கிறேன் என்று. அப்போது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வந்துதான் தொலைத்தது, இல்லை என்று சொல்ல முடியாது. இதையெல்லாம் ஒரு ஆம்பிளை கவனிக்கிறாரே என்று பக்கத்து வீட்டுச் சுகந்தியிடம்கூடச் சொன்னாள். மோட்டார் இழுத்தது. நிறுத்தி வைத்தது. விட்டது. விடும்போது ஒரு 'க்ளிக்'. அந்த டப்பா அன்பு டப்பா என்று நினைத்தாள், அது பட்டறை. டாக்டர் எழுதின நல்ல மாத்திரையை ஒவ்வொன்றாகப் பிதுக்கி, ஒவ்வொன்றாகக் கழற்றி, உள்ளே இருந்ததைக் கொட்டி, அவள் வறுத்த மாவை அடைத்து, ஒன்றும் தெரியாத மாதிரி மூடி. எங்கே உட்கார்ந்து செய்திருப்பார்? கடையிலா? அவள் தூங்கும்போது பக்கத்து அறையிலா? கொட்டின மருந்து எங்கே போயிற்று, சாக்கடையிலா? "இடியாப்ப மாவு இன்னுங் கொஞ்சம் நைசா சலிச்சு வையேன், கடைக்கு வேணும்," என்று ஒருநாள் கேட்டாரே, வலது கை வராமல் இடது கையால் ஆட்டி ஆட்டிச் சலித்துக் கொடுத்தாளே. அதுதானா? அட கடவுளே, அதையும் என் கையாலேயே வாங்கிக்கொண்டாரா? கோபம் வருகிற இடத்தில் கோபம் வராமல் வெட்கம் வந்தது, ஏதோ அவளே பிடிபட்டுவிட்ட மாதிரி.

ஏனென்றால் விஷயம் மாவு இல்லை. மாவு மாவாக மட்டும் இருந்திருந்தால் இந்நேரம் அந்த டப்பாவை அவர் தலையில் கவிழ்த்திருப்பாள். மாவுக்கு வலி குறைந்திருந்தது, அதுதான் விஷயம். முதலில் கசந்த மாத்திரை, அதைப் போட்டால் ஒரே மயக்கம், சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்குப் போனாள், பேசும்போது வார்த்தை வழுக்கியது. உடம்பு பழகினால் மயக்கம் தெளிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதேபோல் தெளிந்தது. தெளிந்தது என்றுதான் நினைத்தாள். இப்போது தெரிகிறது, மருந்து போனதால் மயக்கம் போயிருக்கிறது. சரி, போகட்டும். அதற்குப் பிறகு வலி ஏறியிருக்க வேண்டுமல்லவா? ஏறித் தொலைக்க வேண்டியதுதானே? இறங்கியது. மாரியம்மன் கோயில் திருவிழாவில் கம்பம் பிடுங்கி எல்லாரும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்ட அன்றைக்கு, சுகந்தி தலையில் ஒரு குடத்தைத் தூக்கிக் கவிழ்த்தாள், வலது கையால். வீதியே சிரித்தது. கை மேலே போய்விட்டதே என்று பிறகுதான் உறைத்தது. அன்றிலிருந்து வந்தவர் போனவரிடமெல்லாம் அந்த மாத்திரையின் பெருமையைப் பாடினாள். பார்லருக்கு வருகிறவர்களிடம் நூலை நாவில் நனைத்துக்கொண்டே சொன்னாள், "எத்தனையோ பாத்தாச்சுங்க, இந்த மாத்திரைதான் கேட்டுது." அவர் பக்கத்தில் நின்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டாள். க்ளிக். அப்படியென்றால் அந்த வலி? மாவுக்கு அடங்கின வலி என்ன வலி? அவள் திரும்பத் திரும்ப அந்தக் கேள்விக்குப் போனாள், புண்ணை நாக்கு தேடுவதுபோல, போனால் எரியும் என்று தெரிந்தே போனாள். பொய்யா? கழுத்திலிருந்து கிளம்பித் தோள்பட்டைக்குப் பின்னால் சுற்றி, முழங்கையில் ஒரு வெட்டு வெட்டி, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகிற வரை ஓடின அந்தக் கரண்ட் பொய்யா? நாச்சியார் வீட்டுக் கல்யாணப் பெண்ணுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தபோது அது ஓடியது. கை துள்ளியது, நூல் அறுந்தது, பெண்ணின் இமை மேல் கீறி ரத்தம் துளிர்த்தது. தாலி கட்டும் போட்டோவில் எல்லாம் அந்தப் பெண் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். அது பொய்யா? ராத்திரியில் எந்தப் பக்கம் படுத்தாலும் கைக்கு ஓர் இடம் கிடைக்காமல், வேறு யாருடைய கையையோ கட்டிலில் கொண்டுவந்து போட்டதுபோல அதைத் தூக்கித் தலையணை மேல் வைத்துக்கொண்டு விடிய விடியக் கிடந்தது? ஸ்கேன் எடுத்தார்கள். அந்தக் குழாய்க்குள் கிடந்தபோது அவள் சாமியைக் கும்பிட்டாள், ஏதாவது தெரிய வேண்டும் என்று. எதுவும் இருக்கக் கூடாது என்று மற்றவர்கள் கும்பிடுவார்கள், இவள் இருக்க வேண்டும் என்று கும்பிட்டாள். வயசுக்குத் தக்க தேய்மானம்தான், நரம்பு நசுங்கின மாதிரி தெரியவில்லை என்று வந்தது. அந்தப் படம் அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது. அவள் பக்கம் சாட்சி சொல்ல வந்த ஒரே ஆள், கூண்டில் ஏறினதும் கட்சி மாறிவிட்டது.

வலி டாக்டர் ஒருத்தர்தான் நேராகப் பார்த்துப் பேசினார். "எப்பவோ பட்ட காயம் ஆறியிருக்கலாம்மா. ஆனா நரம்பு பழகின பழக்கத்துல கத்திக்கிட்டே இருக்கும். திருடன் போன பின்னாலயும் நாய் குரைச்சிக்கிட்டே இருக்குதில்ல, அந்த மாதிரி. குரைக்கறது நிஜம், உங்களுக்கு வலிக்கறது நிஜம். அந்த நாயைச் சமாதானம் பண்ணத்தான் இந்த மாத்திரை, கூடவே கழுத்துப் பயிற்சி, தூக்கம் எல்லாம்." வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது சென்னியப்பன் சொன்னார், "அப்பத் திருடனே இல்லைங்கறாரு." அவ்வளவுதான் அவர் காதில் விழுந்தது. அவ்வளவுதான் விழ வேண்டும் என்று காத்திருந்த காது அது. அதற்கு முன்னால் அவர் எவ்வளவோ செய்து பார்த்தவர்தான், அதையும் சொல்ல வேண்டும். தைலம் காய்ச்சித் தேய்த்தார். காலை முன்னால் நீட்டிப் பிறந்தவர்கள் மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்று அவிநாசி வரைக்கும் தேடிப்போய் ஒரு அம்மாளைக் கூட்டிவந்தார். நல்ல கனத்த அம்மாள். கலாமணியைக் குப்புறப் படுக்கவைத்துப் பிடரியில் பாதத்தை வைத்து அழுத்திவிட்டு, காபி குடித்துவிட்டுப் போயிற்று. வலி போகவில்லை. போகவில்லை என்று அவள் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சலிப்பு வந்தது, அன்றைக்குத்தான் முதல் தடவையாக. எல்லாம் செய்தும் போகாத வலி வலியே இல்லை என்கிற முடிவு அன்றைக்கே அவருக்குள் முளை விட்டிருக்கும். திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் அவர் குரல் கேட்டது. முட்டி வலிக்கு விளக்குச் சூடு வைத்துக்கொள்ள வந்த பெரியவரோடு பேச்சு. "நம்ம ஊட்டுல கழுத்து வலிங்க. முன்னால ரொம்பச் சிரமம். இப்பத் தேவலைங்க, மருந்து நல்லாக் கேக்குது." நல்லாக் கேக்குது! கூசாமல் சொல்கிறார். அவள் கையில் இருந்த பொத்தானை இறுக்கிப் பிடித்தாள், அமுக்கவில்லை. "என்ன மருந்துங்க?" என்று பெரியவர் கேட்டார். "அது டாக்டரு எழுதறதுதானுங்க," என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தெரியும். ஒரு கதையை வாயில் வைத்துக்கொண்டு, இப்போது சொல்லலாமா அப்புறம் சொல்லலாமா என்று ஊறவைக்கிற சிரிப்பு. முன்பு தூக்கம் வரவில்லை என்று தினம் கடைக்கு வந்து உயிரை எடுத்த ஒரு வாத்தியாருக்கு வெறும் அதிமதுரத்தைக் குப்பியில் அடைத்து, இது மலையிலிருந்து வந்த வேர் என்று கொடுத்து, மனுஷன் குறட்டை விட்டுத் தூங்கின கதையைச் சாப்பிடும்போது சொன்னார். அவளுக்குப் புரையேறிப்போகிற அளவுக்குச் சிரிப்பு. வாத்தியார் முகத்தை அப்போது அவள் நினைத்துப் பார்க்கவில்லை. இப்போது அவள்தான் அந்த வாத்தியார். நாளைக்கு ஒறம்பரை, சொந்தபந்தம் கூடுகிற இடத்தில், மகள் தாரணியின் கல்யாணப் பேச்சு எடுக்கிற வீட்டில், பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது இந்தக் கதை அரங்கேறும். எத்தனையோ வருஷத்து வலிங்க, இடியாப்ப மாவுக்குப் போயிடுச்சுங்க. எல்லாரும் சிரிப்பார்கள். சுகந்தியும் சிரிப்பாள். அவளும் சிரிக்க வேண்டியிருக்கும், சிரிக்காவிட்டால் அது வேறு ஒரு நோயாகிவிடும்.

தாரணிக்குத் தெரியுமா? அந்த நினைப்பை அவள் காலையிலிருந்து கிட்டே விடாமல் விரட்டிக்கொண்டிருந்தாள், இந்தப் பெல்ட்டுக்குள் ஓட வழியில்லாமல் அது வந்து மாட்டிக்கொண்டது. மகள் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள், பார்மசி படிக்கிறாள். சாயங்காலமானால் போன் பண்ணி, "இன்னைக்கு வலி பத்துக்கு எவ்வளவும்மா?" என்று கேட்பாள். முன்பெல்லாம் கேட்டதில்லை. சாப்பிட்டியா, தூங்கினியா என்பதோடு சரி. இப்போதுதான் நம்பர் கேட்கிறாள். எட்டு என்று சொன்ன நாளிலிருந்து ஏழு, ஆறு, நாலு என்று இறங்கினபோது, "சூப்பர்ம்மா, அப்பாகிட்டக் குடு," என்பாள். அப்பாவிடம் என்ன பேசினாள்? அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். கல்யாணச் செலவைப் பற்றி இருக்கும் என்று இவள் உள்ளேயே இருந்துவிடுவாள். பிள்ளை அம்மா மேல் அக்கறையாகக் கேட்கிறதா, அப்பாவோடு சேர்ந்து பரீட்சை வைக்கிறதா? மருந்து இல்லாமல் மருந்து கொடுத்துப் பார்க்கிற விதமெல்லாம் பாடத்திலேயே இருக்கும்போல, என்னமோ ஒருநாள் சொன்னாள். இல்லை, அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அப்படிப்பட்டவர் இல்லை என்று இவரைப் பற்றியும் நேற்றுவரைக்கும் சொல்லியிருப்பாள். அப்பனும் மகளும் சேர்ந்திருந்தால் என்ன செய்வது? அதற்கு மேல் நினைப்பு ஓடவில்லை, அந்த இடத்தில் ஒரு சுவர் இருந்தது. அவள் பெனிட்டாவைக் கூப்பிட்டு நேராகக் கேட்டுவிடலாமா என்று யோசித்தாள். ஏம்மா, நிஜ வலி மாவுக்குக் குறையுமா? குறையும் என்று அவள் சொன்னால் மானம் தப்பும். குறையாது என்று சொல்லிவிட்டால்? வாய்தான் பெல்ட்டில் இருக்கிறதே என்று ஒரு சாக்கு கிடைத்தது. நாய் என்றால் தட்டிக்கொடுத்தாலும் அடங்கும்தானே, அதட்டினாலும் அடங்கும், நம்பினவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே அடங்கும், அதனால் அது குரைக்கவில்லை என்று ஆகிவிடுமா? டாக்டர் சொன்னதை வைத்துத் தானே இப்படி ஒரு நியாயம் கட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதற்குள்ளும் மாவு வாசனை அடித்தது.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, இந்த இழுவைக்கு உடம்பு இப்போது சொக்கிக்கொண்டிருந்தது. இழுக்கும்போது கழுத்தெலும்புகளுக்கு நடுவே ஏதோ ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டது. தோளில் குந்தியிருந்த பாரம் இறங்கியது. கட்டை விரலில் காலையிலிருந்து ஊர்ந்த எறும்புகள் ஒன்றொன்றாகப் போய், கடைசியில் ஒன்றிரண்டுதான் திசை தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தன. வெட்கம் கெட்ட கழுத்து. அவள் உள்ளே இவ்வளவு குமுறிக்கொண்டிருக்கிறாள், அது பாட்டுக்கு வெயில் காய்கிற பூனை மாதிரி நீட்டி நெளிந்து சுகப்படுகிறது. உனக்காகத்தானே ஊரிடமெல்லாம் சண்டை போட்டேன் என்று அதனிடம் கேட்டாள். மாமியார் சோம்பேறி என்று சொன்னபோது, நூல் பிடிக்கிறது ஒரு வேலையா என்று நாத்தனார் கேட்டபோது, உன் பக்கம்தானே நின்றேன். நீ எனக்காக ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மாவுக்கு மசியாமல் வலித்திருக்கக் கூடாதா? அவர் முன்னால் நிமிர்ந்து நின்று, இந்தா பாருங்கள் என்று சொல்லியிருப்பேனே. இப்போது கேட்டால் என்ன ஆகும்? ஏனுங்க, மாத்திரையில மாவு இருந்துச்சு என்று ஆரம்பித்தால், அவர் பதறமாட்டார். முழித்துவிட்டு, பிறகு மெதுவாக, கடையில் வாடிக்கைக்காரரிடம் பேசுகிற குரலில் சொல்வார்: உன்ற நல்லதுக்குத்தான் கண்ணு, அந்த மருந்துல நீ ஆளே இல்லாமப் போயிட்ட, கிட்னி போயிருக்கும், இப்பப் பாரு, எதுமே இல்லாம நல்லாயிட்டயல்ல. நல்லாயிட்டயல்ல! அவர் செய்தது துரோகம், ஆனால் துரோகத்துக்குச் சாட்சியாக அவள் கழுத்தே அவர் பக்கம் நிற்கிறது. அழுகை வந்தது. மல்லாந்து கிடந்ததால் கண்ணீர் காதுக்குள் இறங்கிக் கூசியது, துடைக்கக் கையைத் தூக்கினாள், கை வலிக்காமல் எழும்பியது. அதற்கும் சேர்த்து அழுதாள்.

மோட்டார் நின்றது. பெனிட்டா திரையை விலக்கி, பெல்ட்டைக் கழற்றி, "மெதுவா, ஒருக்களிச்சுத் திரும்பி எந்திரிங்க அக்கா," என்று தோளைப் பிடித்தாள். கண் சிவந்திருப்பதைப் பார்த்து, "இறுக்கமா இருந்துச்சா?" என்றாள். கலாமணி தலையசைத்தாள், அது ஆமா என்றும் இல்லை என்றும் இருந்தது. அதற்குள் சென்னியப்பன் உள்ளே வந்துவிட்டார். ஒரு கையில் தண்ணீர் பாட்டில், இன்னொரு உள்ளங்கையில் மத்தியானத்துக்கான மாத்திரை. பாதி வெள்ளை, பாதி சிவப்பு, ஒரு கீறல் இல்லாமல் சுத்தமாக மூடியிருந்தது. நல்ல வேலைக்காரர்.

"இப்ப வலி எவ்வளவு அக்கா, பத்துக்கு?"

"ரெண்டு, மூணு இருக்குமுங்க, மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே," என்றார் அவர்.

கலாமணி கழுத்தை ஒரு பக்கம் திருப்பினாள். தடையில்லாமல் திரும்பியது. மறு பக்கமும் திரும்பியது. இரண்டுதான். இரண்டுகூட இல்லை.

"எட்டு," என்றாள்.

"எட்டா?" பெனிட்டா எழுதப்போன பேனாவை நிறுத்தினாள். "வரும்போது அஞ்சுன்னீங்களே."

"அவரு சொன்னாருங்க. நான் சொல்லல."

"கைக்கு இறங்குதா?"

"இறங்குது. தோளுக்குப் பின்னால சுத்தி, முழங்கையில வெட்டிட்டு, கட்டை விரல் வரைக்கும். ரெண்டு விரலும் மரத்துக் கிடக்குது. பத்து நாளாவே இப்படித்தான். சொல்லலை."

சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. எதையும் புதிதாகக் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை, பொய்க்கு வேண்டிய சாமானெல்லாம் வருஷக்கணக்கில் கையிருப்பில் இருந்தது. இத்தனை காலத்தில் இந்த வலியைப் பற்றி அவள் ஒரு பொய் சொன்னதில்லை. குறைந்தால் குறைந்தது என்பாள், கூடினால் கூடியது என்பாள், யாரும் நம்பாத காலத்திலும் அரை நம்பர் கூட்டிச் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி வரும், சலிப்பு வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. சென்னியப்பனுக்கு முகம் வெளிறிவிட்டது. நீட்டின உள்ளங்கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

"பத்து நாளாவா? ஏம் புள்ள, எங்கிட்டச் சொல்லோணுமல்ல?"

"சொன்னா நம்புவீங்களாங்க?"

மாத்திரை இருந்த கையை மெதுவாக மூடினார். மூடின கை சட்டைப் பைக்குப் போயிற்று. "இது வேண்டாம் அம்மிணி," என்றார். "சாயங்காலம் டாக்டரைப் பாத்துட்டு, நல்ல மாத்திரையா வாங்கிப் போடலாம்."

"ஏனுங்க, இது நல்லாத்தான கேட்டுது?"

"அது... எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கேக்காது." அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. குனிந்து கட்டிலுக்கு அடியில் அவள் செருப்பைத் தேடினார்.

நம்பிவிட்டார். உண்மையைச் சொல்லி அழுத ராத்திரிகளில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த மனுஷன், பொய்யை ஒரே வாயில் நம்பிவிட்டார். அவளுக்கு ஜெயித்த மாதிரி இல்லை. கையில் இருந்த கடைசி நல்ல சாமானையும் விற்றுவிட்டு நிற்பது போல இருந்தது. இனி அவளுக்கு மருந்து கிடைக்கும், நிஜமான மருந்து, அவர் ஒன்றைக்கூடக் கழற்றிப் பார்க்கமாட்டார். பெனிட்டா அட்டையில் எட்டு என்று எழுதி, அதை டாக்டரிடம் காட்டச் சொன்னாள். சென்னியப்பன் தரையில் முட்டி போட்டு, அவள் குனிய வேண்டாம் என்று ஒவ்வொரு செருப்பாக எடுத்து அவள் காலில் மாட்டினார், பட்டையை நிதானமாக இழுத்து விட்டார். அவர் உச்சந்தலையில் நரைத்த முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. அவள் குனிந்து தானே மாட்டிக்கொண்டிருக்கலாம். கழுத்து அவ்வளவு லேசாக இருந்தது. அதை இனி யாரிடமும் சொல்ல முடியாது.